சேனல் 22 என்றால் எந்த 22?

படகுகளும் கப்பல்களும் கரையோடும் தமக்குள்ளும் பேசிக்கொள்ளும் கடல் வி.எச்.எஃப். வானொலியில் சேனல் 16 எங்கு போனாலும் மாறாது. சென்னைக்கு வெளியேயும் சான் பிரான்சிஸ்கோவிலும் அது 156.800 மெகாஹெர்ட்ஸ்தான். ஆபத்தில் கூப்பிட 16, டிஜிட்டல் அழைப்புக்கு 70, கப்பலுக்குக் கப்பல் பேச 6. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். மற்ற எண்களைத் தொடுமுன் வானொலிச் செட்டின் திரை மூலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அங்கேதான் செட் எந்த நாட்டுச் சேனல் பட்டியலில் நிற்கிறது என்பது பொடி எழுத்தில் தெரியும்: பன்னாட்டு, அமெரிக்க, கனடியப் பட்டியல்களில் ஏதாவது ஒன்று. பன்னாட்டுப் பட்டியலில் பல சேனல்கள் இரட்டை அதிர்வெண் கொண்டவை. படகு ஓர் அதிர்வெண்ணில் பேசும். கரை நிலையம் அதற்கு 4.6 மெகாஹெர்ட்ஸ் மேலே பதில் சொல்லும். கரை வழியாகத் தொலைபேசியில் பேசிய காலத்தில் இது வசதியாக இருந்தது. அமெரிக்கர்கள் அவற்றில் பலவற்றை எடுத்து, மேல் பாதியை விட்டுவிட்டு, கீழ் அதிர்வெண்ணிலேயே பேசவும் கேட்கவும் வைத்துக்கொண்டார்கள்.

22ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 16இல் கூப்பிட்டவரை 22ஏ-க்கு வரச்சொல்லும். ஏ என்றால் கீழ் அதிர்வெண் மட்டும்; அது 157.100. உங்கள் செட் பன்னாட்டுப் பட்டியலில் இருந்தால் நீங்கள் பேசுவதும் அதே 157.100தான், ஆனால் காது 161.700இல் இருக்கும். நீங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

இதைத் தலைகீழாக நான் ஒருமுறை அனுபவித்தேன், இங்கிலாந்தின் தென்கரையில். அங்கே மரினா எனப்படும் படகுத்துறைகளுக்குச் சேனல் 80. கையடக்கச் செட்டில் மூன்று முறை கூப்பிட்டேன். வேறொரு படகு இடம் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது; சற்றுப் பொறுத்து அதே குரல் "சரி, நன்றி" என்றது. எனக்கு மட்டும் மரினா பதில் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. சட்டைப் பையில் கிடந்த செட் எப்படியோ அமெரிக்கப் பட்டியலுக்குத் தாவியிருந்தது. படகுகள் பேசும் 157.025இல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன், மரினா 161.625இல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

இரண்டில் எது மோசம் என்றால், என் கணக்கில் இரண்டாவதுதான். 22இல் முழு மௌனம் என்றால் செட்டின் மேல் சந்தேகம் வரும். 80இலோ குரல்கள் கேட்பதால் செட் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும்.

புதிய நான்கு இலக்க எண்கள் இந்தக் குழப்பத்தைப் பெரிதும் தீர்க்கின்றன. 10 என்று தொடங்கினால் படகுப் பக்க அதிர்வெண் மட்டும், 20 என்றால் கரைப் பக்கம் மட்டும். 22ஏ இப்போது 1022; கனடாவின் 21பி, 2021. பார்க்க அழகில்லை, ஆனால் பழைய ஏ, பி எழுத்துகளைவிட இது எவ்வளவோ மேல்.

வானிலைக்கு மட்டும் அமெரிக்க ஏற்பாட்டுக்கே என் ஓட்டு. 162.400 முதல் 162.550 வரை ஏழு சேனல்கள். எந்நேரமும் அறிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், பொத்தானை அழுத்தினால் போதும். பிரிட்டனில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடலோரக் காவல்படை 16இல் அறிவித்துவிட்டு 62, 63, 64 போன்றவற்றில் வாசிக்கும். தேநீர் போடப் போய்த் தவறவிட்டால் அடுத்த வாசிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஸ்வீடன் பக்கம் உல்லாசப் படகுகளுக்கு எல்1, எல்2 என்று 155 மெகாஹெர்ட்ஸில் தனிச் சேனல்கள் உண்டு; இங்கே சொன்ன மூன்று பட்டியல்களிலும் தேடினால் கிடைக்காது. ரைன் நதிக்குள் நுழைகிறவருக்கு எண்ணைவிட வேறொரு வேலை முக்கியம். ஏட்டிஸ் என்ற அடையாள ஒலியை இயக்கியாக வேண்டும். பேசிப் பொத்தானை விடும் ஒவ்வொரு முறையும் செட் தானாகவே அந்தக் குறியீட்டை அனுப்பும். கடலுக்குத் திரும்பியதும் மறக்காமல் அதை அணைத்துவிட வேண்டும்.