டென்வர் பனிமலைக்கு எந்த வண்டி? கிராஸ்ட்ரெக், சிஎக்ஸ்-30, ராவ்4: டயர் செலவை வைத்து ஓர் அலசல்

அமெரிக்காவின் கொலராடோவில் டென்வரில் இருந்துகொண்டு, குளிர்காலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை வழியாக மலைக்குப் போய்வர, கைக்கு அடக்கமான விலையில் பழைய ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டி தேடுபவர்கள் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்பார்கள்: சுபாரு கிராஸ்ட்ரெக், மாஸ்டா சிஎக்ஸ்-30, டொயோட்டா ராவ்4. நானும் அப்படித்தான் தேடி, கடைசியில் 2021 மாடல் கிராஸ்ட்ரெக் ஸ்போர்ட் வாங்கினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான். மாஸ்டாவை வாங்கும் எண்ணத்தில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, பிறகு ஒரு முறை வாடகைக்கு எடுத்தேன். ராவ்4 ஹைபிரிட் நண்பருடையது, சேர்ந்து போகும்போது நானும் ஓட்டுவேன். அவை இரண்டையும் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

மைலேஜ், சூடாகும் இருக்கை, திரையின் அளவு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். பனியில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் மூன்றுமே குறை வைக்காதவை. தரையிலிருந்து உயரம் கிராஸ்ட்ரெக்குக்கு 8.7 அங்குலம், மற்ற இரண்டும் எட்டை ஒட்டி. பனி வாரும் லாரி தெரு ஓரத்தில் குவித்துவிட்டுப் போன மேட்டைத் தாண்டும்போது அந்த வித்தியாசம் உதவும். நெடுஞ்சாலையில் தெரியாது.

என்ஜின் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். டென்வரே 5,280 அடி உயரம். ஐ-70 மலையைக் குடைந்து போகும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். காற்று மெலிய மெலிய, டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலுவை இழக்கும். 2.0 லிட்டர் கிராஸ்ட்ரெக்கின் 152 குதிரைத்திறன், சுரங்கத்தை எட்டும்போது நூறு அளவுக்கு இறங்கிவிடும். நாலு பேரும் சாமானும் ஏறினால் வலது லேனில் லாரிகளோடுதான் போக வேண்டும். 2021 மாடலில்தான் 182 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் என்ஜின் வந்தது, அதுவும் ஸ்போர்ட், லிமிடெட் இரண்டில் மட்டும். கிராஸ்ட்ரெக் என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். சிஎக்ஸ்-30-க்கு அமெரிக்காவில் தொடக்கம் முதலே 2.5 லிட்டர்தான். ஏற்றத்தில் அது திணறவே இல்லை.

சரி, நான் முடிவெடுத்தது டயரை வைத்து.

நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி கிளம்புவதற்கும் ஏறுவதற்கும்தான். நிறுத்துவதும் வளைவில் சாலையைப் பிடித்துக்கொள்வதும் டயரின் வேலை. சுரங்கத்தைத் தாண்டி மேற்கே சில்வர்தோர்ன் வரை 7 சதவீத இறக்கம். அங்கே முன்னால் போகிற வண்டி சட்டென்று பிரேக் போட்டால், ஆல் வீல் டிரைவ் எந்த விதத்திலும் உங்களைக் காப்பாற்றாது. எல்லாப் பருவத்துக்கும் என்று வரும் சாதாரண ஆல் சீசன் டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். மலையும் பனிப்பூவும் அடையாளமாகப் பொறித்த குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாகவே இருக்கும்.

சட்டமும் டயரில்தான் கை வைக்கிறது. ஐ-70-இல் மாரிசன் முதல் டாட்செரோ வரை, செப்டம்பர் முதல் மே வரை, ஆல் வீல் டிரைவ் வண்டியானாலும் டயரின் பள்ளம் 3/16 அங்குலம் (அதாவது 6/32) ஆழமாவது இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். புது ஆல் சீசன் டயர் பொதுவாக 10/32 அங்குல ஆழத்தில் வரும். மற்ற சாலைகளில் 2/32 வரை தேய விடலாம். இங்கே 6/32-இலேயே அதன் மலைவாழ்வு முடிந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கிய ரப்பரில் பாதிதான் குளிர்காலத்துக்குப் பயன்படும்.

அப்புறம், ஆல் வீல் டிரைவில் டயரை நான்காகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, மூன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறும். வண்டி நேராக ஓடும்போதுகூட முன்னும் பின்னும் வேறுவேறு வேகத்தில் சுற்றி, நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். சுபாரு, நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்கிறது. பாதி தேய்ந்த நிலையில் ஒரு டயரின் பக்கவாட்டில் ஆணி ஏறினால், பஞ்சர் ஒட்ட முடியாது, நான்கையும் வாங்க வேண்டியதுதான். சில கடைகளில் புது டயரை மற்ற மூன்றின் அளவுக்குச் சீவிக் கொடுப்பார்கள். விசாரித்துப் பார்க்கலாம்.

ஆக, வண்டி வாங்கும்போது டயரின் அளவும் விலையில் சேர்த்தி. கிராஸ்ட்ரெக் ஸ்போர்ட்டுக்கு 17 அங்குல ரிம், லிமிடெட்டுக்கு 18. நான் விசாரித்த கடைகளில் ஒரே பிராண்டில் நான்கு டயருக்கு இந்த ஓர் அங்குலம் நூறு டாலருக்கு மேல் வித்தியாசம் காட்டியது. பெரிய என்ஜினும் சின்ன ரிம்மும் ஒன்றாகக் கிடைப்பது ஸ்போர்ட்டில்தான் என்பதால் அதையே தேடிப் பிடித்தேன். குளிர்கால டயரைத் தனியாக இரும்பு ரிம்மில் போட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் ஒரு ஜாக்கியும், நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருந்தால் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம். இரண்டு செட்டும் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் அதிக நாள் வரும். உண்மையில் கூடுதல் செலவு அந்த ரிம் மட்டுமே.

சிஎக்ஸ்-30 ஓட்டச் சுகமான வண்டி. சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) இல்லாமல் 6 கியர் ஆட்டோமேட்டிக் என்பதால், இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவது எனக்கு அதில்தான் இயல்பாக இருந்தது. உள்ளே வேலைப்பாடும் ஒரு படி மேல். பின்சீட் நெருக்கம், பெரும்பாலான மாடல்களில் 18 அங்குல ரிம். தொடக்க கால அடிப்படை மாடல் 16 அங்குலத்தில் வந்ததால், குளிர்காலத்துக்கு அந்த அளவு ரிம் தேடிப் போடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: 2022 முதல்தான் அமெரிக்காவில் எல்லா சிஎக்ஸ்-30-க்கும் ஆல் வீல் டிரைவ். அதற்கு முந்தைய வண்டி முன்சக்கர இழுவையாக இருக்கலாம்.

ராவ்4 ஹைபிரிட்டில் முன்னிருந்து பின்சக்கரத்துக்கு வலுவைக் கொண்டுபோகும் தண்டே கிடையாது. பின்சக்கரத்துக்குத் தனி மின்மோட்டார். முன் டயருக்கும் பின் டயருக்கும் தேய்மானம் கொஞ்சம் மாறினாலும் அவ்வளவு கவலை இல்லை. குழந்தைகள், பனிச்சறுக்குச் சாமான், தினசரி நீண்ட ஓட்டம் என்று இருப்பவர்களுக்கு அதுவே பொருந்தும். ஆனால் பழையதுகூட விலை இறங்குவதில்லை. 2019-இல் வந்த தலைமுறையின் தொடக்க வண்டிகளில் பின்மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்பு, சாலை உப்பால் அரிக்கப்பட்ட பிரச்சினை உண்டு. டொயோட்டா அதற்கு உத்தரவாதத்தை நீட்டித்தது. வாங்குமுன் அந்த இணைப்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

கிராஸ்ட்ரெக்கிலும் ஒரு செலவு காத்திருக்கிறது. பனிக்காகச் சாலையில் தூவும் மணலும் பொடிக்கல்லும் முன்கண்ணாடியைப் பதம் பார்க்கும். முன்னால் வருவதைக் கவனித்து எச்சரிக்கும் சுபாருவின் ஐசைட் கேமராக்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. கண்ணாடி மாற்றினால் அவற்றையும் சரிபார்த்து அமைக்க வேண்டும். காப்பீட்டில் கண்ணாடிக்குத் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் டயர் ஆழம் அளக்கும் கேஜ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், சில டாலர்தான். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே ஆழம் இல்லை என்றால் நான்கு டயரின் காசை விலையில் குறைக்கக் கேளுங்கள். பிறகு காலியான பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். அப்போது வண்டி விக்கி விக்கி இழுத்தால் நடுக் கிளட்ச் கெட்டிருக்க வாய்ப்புண்டு. அதை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பாருங்கள்.