கிளேடன் வெர்னி குடும்ப மரத்தோடு ஏழு ஆண்டுகள்: எந்த ஆவணம் கைகொடுத்தது, எது கைவிட்டது

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் மிடில் கிளேடன் என்ற சிற்றூரின் தேவாலயத்துக்குள் ஒதுங்கினேன். சுவரில் ஒரு நினைவுச்சின்னம், அதில் நான்கு மார்பளவுச் சிலைகள். சர் எட்மண்ட் வெர்னி, மனைவி மார்கரெட், மகன் ரால்ஃப், மருமகள் மேரி. எட்மண்டின் உடல் மட்டும் அங்கே இல்லை. 1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில் போர்க்களத்தில், முதலாம் சார்லஸ் மன்னரின் கொடியைத் தாங்கி நின்றவர் வெட்டுண்டு மாண்டார். உடல் கிடைக்கவே இல்லை. உடல் இல்லாதவருக்கு அடக்கப் பதிவும் இருக்காதே, அப்படியானால் இந்தக் குடும்பத்தை எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவது என்ற கேள்வியோடு வீடு திரும்பினேன். இதே போன்ற ஒரு நிலவுடைமைக் குடும்பத்தைத் தேட இறங்குகிறவர்களுக்கு, இத்தனை ஆண்டுப் புழக்கத்தில் எனக்கு எது உதவியது, எது கழுத்தறுத்தது என்று சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு ஆயத்த மரத்தில் ஏறியது. சந்தா கட்டிய ஒரு தளத்தில் யாரோ போட்டிருந்த வெர்னி மரம் எட்டுத் தலைமுறைக்கு அழகாகக் கிளை விரித்திருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: 1642-இல் இறந்த எட்மண்டுக்கு, இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் பிள்ளைகள் பிறந்திருந்தன. நடந்தது இதுதான். கொடி தாங்கிய எட்மண்டுக்கு எட்மண்ட் என்றே ஒரு மகன். அவன் 1649-இல் அயர்லாந்தின் டிராஹெடாவில் கொல்லப்பட்டான். மூத்த மகன் ரால்ஃபுக்கும் எட்மண்ட் என்று ஒரு மகன். அவன் இறந்தது 1688-இல். அவனுக்கும் எட்மண்ட் என்று ஒரு மகன். நான்கு தலைமுறையில் நான்கு எட்மண்டுகள். மரம் போட்டவர் இரண்டு பேரை ஒரே ஆளாக்கிவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் பலர் நகலெடுத்திருந்தார்கள். அத்தனையையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். அன்றிலிருந்து எந்த நபரையும் பெயரால் அடையாளம் காண்பதில்லை. பெயர், இறந்த ஆண்டு, மனைவி பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் எனக்கு ஓர் ஆள்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் திருச்சபைப் பதிவேடுகள், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் இட்ட ஆணையிலிருந்து தொடங்குகின்றன. ஆனால் பல ஊர்களில் 1558-க்கு முந்தைய ஏடுகள் கிடைக்காது. பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் அரசி பட்டமேறிய ஆண்டிலிருந்து எழுதினால் போதும் என்று பலரும் முன்பகுதியை விட்டுவிட்டார்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த 1640-களில் பல ஊர்களில் பதிவே சீராக நடக்கவில்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் குறிப்பெடுப்புகளை இலவசமாகத் தேடலாம், அது பெரிய உதவி. இருந்தாலும் ஏட்டின் படத்தைப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை.

தேதியில் ஒரு கண்ணி உண்டு. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. சார்லஸ் மன்னரின் தலை விழுந்த நாளை நாம் 1649 ஜனவரி 30 என்கிறோம். அன்றைய ஏட்டில் அது 1648. இது தெரியாமல் கணக்குப் போட்டால், திருமணத்துக்கு முன்பே குழந்தை ஞானஸ்நானம் பெற்றது போல் வரும், ஒரு குடும்பத்தின் மேல் வீண்பழி விழும். ஜனவரி முதல் மார்ச் 24 வரை வரும் தேதிகளுக்கு இரண்டு ஆண்டையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.

அடுத்தது கையெழுத்து. அக்கால ஆவணங்களில் வழங்கிய, செக்ரட்டரி கையெழுத்து எனப்படும் வடிவத்தில் 'சி' எழுத்து 'ஆர்' போல நிற்கும், 'ஹெச்' வரிக்குக் கீழே வால் நீட்டும், பெரிய 'எஃப்' வேண்டிய இடத்தில் சிறிய 'எஃப்' இரண்டு இருக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் இதைப் படிப்பதற்கு இணையத்தில் இலவசப் பாடம் வைத்திருக்கிறது. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மூன்றாவது மாதத்தில் ஒரு பக்க உயிலை முழுதாகப் படித்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு மகிழ்ச்சி.

உயில்கள் அருமையான ஆவணங்கள். நிலம் உள்ள குடும்பங்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன, அவற்றின் படிகள் அதே கியூ காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் சொற்களை இன்றைய பொருளில் படிக்கக் கூடாது. ஓர் உயிலில் 'என் இப்போதைய மனைவி' என்ற தொடரைப் பார்த்து, இல்லாத முதல் மனைவியை இரண்டு வாரம் தேடினேன். வருங்காலத்தில் வேறொருத்தி வந்தால் சொத்து அவளுக்குப் போகாமலிருக்கவும் வழக்கறிஞர்கள் அப்படி எழுதுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

உறவுச் சொற்களும் அப்படித்தான். 'பிரதர்' என்றால் உடன்பிறந்தவனாகவும் இருக்கலாம், தங்கை கணவனாகவும் இருக்கலாம். 'சன்' என்பது மருமகனையும் குறிக்கும். 'கசின்' என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. இங்கேதான் தமிழ் எனக்குத் துணை வந்தது. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ரால்ஃபுக்கு அவர் என்ன முறை என்று தமிழில் எழுதத் தொடங்கினேன். டாக்டர் வில்லியம் டென்டன், கடிதங்களில் வெறும் 'அங்கிள்'. என் ஏட்டில் தாய்மாமன். எழுதியதும் எல்லாம் தெளிவானது. ரால்ஃபைவிட எட்டே வயது மூத்த அந்தத் தாய்மாமன்தான், மருமகன் பிரான்ஸில் தஞ்சம் புகுந்திருந்தபோது இங்கிலாந்தில் அவருக்காக ஓடியாடியவர். 'மைத்துனனா, தம்பியா' என்று எழுத முடியாமல் பேனா நின்ற இடமெல்லாம், எனக்கு இன்னும் ஆதாரம் போதவில்லை என்பதற்கான அடையாளம்.

நிலவுடைமைக் குடும்பத்துக்கு என் அனுபவத்தில் மிகச் சிறந்த வழி, ஆட்களை விட்டுவிட்டு நிலத்தைத் தொடர்வது. கிளேடன் 15-ஆம் நூற்றாண்டிலேயே வெர்னிகள் கைக்கு வந்தது. ஆனால் நெடுங்காலம் வேறொரு குடும்பத்துக்குக் குத்தகையில் இருந்தது. 1620-இல் எட்மண்ட் அந்தக் குத்தகையை மீட்டுக் குடியேறினார். அதற்கு முந்தைய வெர்னிகளின் ஞானஸ்நானங்களை மிடில் கிளேடன் ஏட்டில் தேடி நான் வீணாக்கிய நாட்கள் எத்தனை! குத்தகை விவரத்தை முதலில் படித்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ரால்ஃப் நாடாளுமன்றத் தரப்பில் இருந்தவர். 1643-இல், ஸ்காட்லாந்தோடு செய்த உடன்படிக்கைக்காக நாடாளுமன்றம் கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்து நாட்டைவிட்டு வெளியேறினார், நிலம் முடக்கப்பட்டது. அதை விடுவிக்க மனைவி மேரி, கருவுற்ற நிலையில், தனியாகக் கடல் கடந்து வந்து கமிட்டி கமிட்டியாக ஏறி இறங்கி 1648-இல் வெற்றியும் பெற்றாள். இத்தகைய முடக்கங்களால் உண்டான தாள்களில் யாருக்கு என்ன பங்கு, எந்த விதவைக்கு எவ்வளவு ஜீவனாம்சம், எந்தத் தங்கைக்கு எவ்வளவு சீர் என்பதெல்லாம் கிடைக்கும். குடும்பம் நொடிந்தபோதுதான் உறவுகள் எழுத்தில் வந்திருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே கடிதங்கள். கிளேடன் மாளிகையில் 30,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் அவற்றின் மைக்ரோஃபிலிம் உண்டு. எட்மண்டுக்கு ஒரே தந்தை, வேறு தாய் என்ற முறையில் அண்ணனான ஃபிரான்சிஸ் சொத்தை விற்றுவிட்டுக் கடற்கொள்ளையரோடு சேர்ந்து, 1615-இல் சிசிலியின் மெசினாவில் ஒரு மருத்துவமனையில் இறந்தான். எந்த ஆங்கிலத் திருச்சபை ஏட்டிலும் அது இராது. அந்த மரணத்துக்கான சான்றும் அவன் தலைப்பாகைகளும் கைத்தடியும் வீடு வந்து சேர்ந்தன, அதனால் தெரிகிறது. மேரி இங்கிலாந்தில் பெற்ற ஆண்குழந்தையும், பிரான்ஸில் தந்தையோடு விட்டுவந்த மகள் பெக்கும் ஒரே ஆண்டில், 1647-இல் இறந்தார்கள். கடலின் இரு கரையிலும் இருந்த பெற்றோர் எழுதிக்கொண்டவற்றைப் படித்த பிறகு அந்த இரண்டு பிள்ளைகளையும் 'இளமையில் இறந்தனர்' என்ற ஒற்றை வரியில் என்னால் அடைக்க முடியவில்லை. அவர்களுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டேன்.

பெயரை நம்பி ரத்தத்தைத் தொடராதீர்கள். நேர்வம்சத்தின் கடைசி வாரிசான மேரி வெர்னி 1810-இல் மணமாகாமலே இறந்தார். மாளிகை, ஒரே தாய்க்கு வேறு தந்தையால் பிறந்த அவருடைய தங்கைக்குப் போய், 1827-இல் அவரிடமிருந்து சர் ஹாரி கால்வர்ட்டுக்குப் போனது. அவர் தம் பெயரை வெர்னி என்று மாற்றிக்கொண்டார். இவர் மணந்த பார்த்தனோபி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா. பழைய கடிதங்களைத் தொகுத்து நமக்குத் தந்தவர்களில் முதன்மையானவர். வெர்னிகளை வெளியுலகத்துக்குத் தந்தவர் பிறப்பாலும் வெர்னி அல்ல, அவரை மணந்தவரும் அல்ல. பல இணைய மரங்களில் இந்த இடத்தில் நேர்கோடுதான் போட்டிருக்கிறார்கள்.

கருவிகளில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் சான்றை இணைக்க முடிகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் வரலாற்றுத் தளம் இலவசம், நம்பகமானது. விக்டோரியா மாவட்ட வரலாறு ஒவ்வொரு நிலமும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்லும். சந்தா தளத்தை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது பலர் சேர்ந்து திருத்தும் ஒரு பொது மரத்திலும் எழுதுகிறேன். அங்கே சர் எட்மண்டின் பக்கத்தில் 'அடக்கம்' என்ற கட்டத்தில் மிடில் கிளேடன் என்று யாராவது நிரப்பிவிடுகிறார்கள். சிலையைப் பார்த்தவர்களாக இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை அழித்து, 'எட்ஜ்ஹில், உடல் கிடைக்கவில்லை' என்று குறிப்பு எழுதி, கட்டத்தை வெறுமையாக விடுகிறேன். சென்ற வாரமும் அழித்தேன்.