அந்தமான் ஃபேமிலி பேக்கேஜ் ரிவ்யூ: ரூம் நல்லாருக்கு, டைம்டேபிள் சொதப்பல்

பொங்கல் லீவுக்கு அப்பா, அம்மா, பையன், நாங்க ரெண்டு பேருன்னு அந்தமான் போயிட்டு வந்தோம், சென்னைல இருக்கற ஒரு ட்ராவல்ஸ்ல பேக்கேஜ் எடுத்து. பேர் போடல. ஏன்னா இவங்க அனுப்பின அதே டூர் பிளான் பிடிஎஃப்ப வேற ரெண்டு ஏஜென்ட்டும் கலர மட்டும் மாத்தி எனக்கு அனுப்பியிருந்தாங்க, ஸ்பெல்லிங் மிஸ்டேக் கூட மாறல. அதனால இத அந்த பிடிஎஃப்புக்கான ரிவ்யூன்னே வெச்சுக்கங்க.

நல்லத முதல்ல சொல்லிடறேன். ஹேவ்லாக் தீவுல குடுத்த காட்டேஜ் சுத்தமா இருந்துச்சு, ஏசி ஓடுச்சு, பாத்ரூம்ல வெந்நீர் வந்துச்சு. ஃபெர்ரி டிக்கெட் எல்லாம் ஆதார்ல இருக்கற மாதிரியே பேரு சரியா போட்டு முன்னாடியே எடுத்து வெச்சிருந்தாங்க, பொங்கல் ரஷ்ல இது பெரிய விஷயம். போர்ட் பிளேர்ல (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, ஆனா ஊர்ல எல்லாரும் போர்ட் பிளேர்னுதான் சொல்றாங்க) வந்த டிரைவர் தமிழ்க்காரர், அப்பாவுக்கு ஒரே குஷி, ஏர்போர்ட்லேர்ந்து ரூம் வரைக்கும் ரெண்டு பேரும் பேசின பேச்சுல நாங்க வந்ததே மறந்துட்டாங்க.

இப்ப பிரச்னைக்கு வரேன். அந்தமான்ல கடிகாரம் நம்ம கடிகாரந்தான், ஆனா சூரியன் நம்ம சூரியன் இல்ல. சென்னைய விட ரொம்ப கிழக்க இருக்கு, டைம் மட்டும் அதே இந்திய டைம், அதனால இங்கவிட கிட்டத்தட்ட 50 நிமிஷம் முன்னாடியே விடிஞ்சு முன்னாடியே இருட்டிடும். பொங்கல் சமயத்துல 5:15 போல சூரியன் உள்ள போயிடும். நம்ம பிடிஎஃப்ல என்ன போட்டிருந்தாங்கன்னா, காலைல செல்லுலார் ஜெயில், மத்தியானம் ரெண்டு மணி ஃபெர்ரில ஹேவ்லாக், ரூம் செக்-இன், அப்புறம் "ரிலாக்ஸ்டா" ராதாநகர் பீச் சன்செட். கணக்கு போட்டு பாருங்க. ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம், பெட்டிய எடுத்து ஜெட்டிய விட்டு வெளிய வரவே நாலு ஆயிடும், ரூமுக்கு போய் சாவி வாங்கி, அங்கேர்ந்து தீவோட அந்த பக்கம் ராதாநகருக்கு அரை மணி நேர ரோடு. போய் செருப்ப கழட்டறதுக்குள்ள லைஃப் கார்டு விசில் ஊதி எல்லாரையும் தண்ணிய விட்டு ஏத்திட்டு இருப்பாரு. புக்கிங்குக்கு முன்னாடியே இத போன்ல கேட்டேன், "மேடம் எல்லா கஸ்டமருக்கும் இதான் போயிட்டிருக்கு"ன்னு பதில். டிரைவர்கிட்ட பேப்பர காட்டினா ஒரு பார்வைதான் பார்த்தாரு. "அம்மா, இத எழுதினவரு இங்க வந்ததே இல்ல போலருக்கு. ஜெயில கடைசி நாளுக்கு தள்ளுங்க, காலை ஃபெர்ரிக்கு டிக்கெட் மாத்த சொல்லுங்க"ன்னாரு. மாத்தினோம், ரெண்டு மூணு போன் கால், கொஞ்சம் எக்ஸ்ட்ரா காசு. அந்த பீச்ச மதியானம் மூணு மணிக்கே போய் உக்காந்து பார்த்தா தெரியும் எதுக்கு மாத்தணும்னு, பொடி மாவு மாதிரி மணல், பின்னாடி மஹுவா மரங்க, அலை ஒரே சீரா வருது, பையன தண்ணிய விட்டு இழுத்துட்டு வர்றதுதான் வேலை.

அடுத்தது நீல் தீவு, இங்கதான் செம காமெடி. அங்க பாக்க வேண்டியது முக்கியமா ரெண்டு. லக்ஷ்மண்பூர்ல இயற்கையா உண்டான பாறை பாலம், பெங்காலிக்காரங்க ஹவுரா பிரிட்ஜ்னு கூப்பிடுவாங்க, அதுக்கு கடல் உள்வாங்கியிருக்கணும், இல்லாட்டி நடந்து போகவே முடியாது. இன்னொண்ணு பரத்பூர்ல கண்ணாடி போட்டு (பவளம் பாக்கறதுக்கு அடில கண்ணாடி வெச்ச படகு), அதுக்கு நேர்மாறா தண்ணி ஏறியிருக்கணும், இல்லாட்டி பவளம் எல்லாம் வெளிய தெரிஞ்சுகிட்டு படகு தரை தட்டும். ஏத்தம் வத்தம் தினமும் ஒரே நேரத்துக்கு வராது, ஒவ்வொரு நாளும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும். அப்ப வருஷம் முழுக்க எல்லாருக்கும் "10 மணி பாலம், 2 மணி போட்டு"ன்னு ஒரே பேப்பர குடுத்தா எப்படி சரியா வரும்? நாங்க போன அன்னிக்கு கரெக்டா ரெண்டுமே தலைகீழ். பத்து மணிக்கு பாலத்துக்கிட்ட முழங்கால் தண்ணி, பாறை பாசி புடிச்சு வழுக்குது, அம்மா தூரத்துலயே நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டாங்க. மதியம் பரத்பூர் போனா போட்டுக்காரர் துண்ட விரிச்சு படுத்திருக்காரு. தேதிய போட்டு டைட் டேபிள் (ஏத்தம் வத்தம் நேரப் பட்டியல்) தேடினா போன்லயே வந்துடுது, ஏஜென்ட்டுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது ஸ்கூபா, அதாவது சிலிண்டர் மாட்டிகிட்டு கடலுக்கு அடில போறது. "காம்ப்ளிமென்ட்ரி"ன்னு பெரிய எழுத்துல போட்டு கடைசி நாள்ல வெச்சிருந்தாங்க, அன்னிக்கே ஃப்ளைட். இது சொதப்பல் இல்ல, ஆபத்து. தண்ணிக்கு அடில அழுத்தத்துல மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்புல கரையும், அது வெளிய போக டைம் வேணும், அதுக்குள்ள ஃப்ளைட் ஏறினா ரத்தத்துல குமிழி குமிழியா வரலாம். ஒரே ஒரு டைவ்னா குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் ஃப்ளைட் கூடாதுன்றதுதான் டைவிங் பண்றவங்க வெச்சிருக்கற கணக்கு. இன்னொண்ணு, பத்து வயசுக்கு கீழ இருக்கற பசங்கள எடுக்க மாட்டாங்க, பிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு டாக்டர் லெட்டர் கேப்பாங்க, ஆக அஞ்சு பேருக்கு ஸ்கூபான்னு சொல்லி வித்ததுல தகுதியானவங்க நாங்க ரெண்டே பேருதான். ஹேவ்லாக்லயே பண்ணிக்கறோம்னு அடம் புடிச்சு மாத்தினேன். ஸ்கூபாவுக்கு மட்டும் 5க்கு 5 குடுப்பேன், அந்த டைவ் மாஸ்டர் தம்பி என் கைய விடவே இல்ல.

இவங்க உடனே ஒத்துக்கிட்ட ஒரே மாத்தம் கடைசி ராத்திரிய போர்ட் பிளேர்ல தங்கறது. ஒரிஜினல் பிளான்ல ஹேவ்லாக்லேர்ந்து காலை ஃபெர்ரி, அன்னிக்கே ஃப்ளைட். கடல் கொஞ்சம் சீறினா ஃபெர்ரி கேன்சல், அவ்ளோதான், ஃப்ளைட் நமக்காக நிக்காது. 2016 டிசம்பர்ல புயல் சின்னத்துல ஹேவ்லாக், நீல் ரெண்டுலயும் ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட்டுங்க மாட்டிகிட்டு நேவி கப்பல் போய் கூட்டிட்டு வந்துச்சு. ஜனவரில அவ்ளோ பயம் இல்ல, ஆனா மே மாசத்துக்கு மேல, இல்ல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள போறவங்க இந்த ஒரு பாயிண்ட்ட மட்டுமாவது பாத்துக்கங்க.

சின்ன சின்னதா சில: வாந்தி வராம இருக்க அவோமின் மாத்திரை ஃபெர்ரி ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், ஆட ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல. 2020ல சென்னைலேர்ந்து கடலடி கேபிள் போட்ட அப்புறம் போர்ட் பிளேர்ல நெட் பரவால்ல, தீவுங்கள்ல அப்பப்ப ஜிபே சுத்திகிட்டே இருக்கும், கைல கேஷ் வேணும். கரைல கிடக்கற பவளத்த பசங்க பாக்கெட்ல போடாம பாத்துக்கங்க, ஏர்போர்ட் ஸ்கேன்ல எடுத்துடுவாங்க, கேஸ் கூட ஆகலாம்.

மொத்தத்துல 5க்கு 3. அந்த 3ல ஒண்ணு டிரைவர் அண்ணனுக்கு. போகாத கண்ணாடி படகு காச ஜிபே பண்ணிடறோம்னு ட்ராவல்ஸ்ல சொல்லியிருக்காங்க, இன்னும் வரல, வந்தா எடிட் பண்ணி போடறேன்.