பில்லில் புது டிஸ்க், சக்கரத்துக்குள் பழைய டிஸ்க்

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். பில்லில் இருந்தவை: முன் பிரேக் டிஸ்க் இரண்டு, அதைக் கவ்வி நிறுத்தும் பேட் ஒரு செட், கூலி. ஒரு மணி நேரத்தில் சாவி கைக்கு வந்துவிட்டது. சில வாரங்களில், எண்பதில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. சக்கரத்தைக் கழற்றினால், டிஸ்க்கின் காற்று இடுக்குகளில் சேறும் துருவும் சேர்ந்து கல்லாகிக் கிடந்தன. பட்டறையில் செய்தது இவ்வளவுதான்: பழைய டிஸ்க்கை எமரி பேப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புது பேடை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

இதை அளந்தே பிடிக்கலாம். ஆனால் வெர்னியரை நம்ப வேண்டாம். பேட் படாத வெளி விளிம்பில் ஒரு துரு மேடு நிற்கும். வெர்னியர் தாடை அதில் இடித்து அதிக கனம் காட்டும். இந்த வண்டியில் வெர்னியர் 27 மி.மீ. என்றது. மைக்ரோமீட்டரைப் பேட் உரசும் இடத்தில் வைத்தால் 25.4. டிஸ்க்கிலேயே அச்சாகியிருந்த குறைந்தபட்ச கனம் 26. அதாவது இந்த டிஸ்க் முன்பே குப்பைக்குப் போயிருக்க வேண்டியது.

ஏன் இந்த ஏமாற்று? சாதாரண காரில் கேலிபரையும் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) அதன் பிராக்கெட்டையும் கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். பல பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் அப்படி வராது. டிஸ்க், ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பின்பக்கம் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். ஃப்ரீ வீல் ஹப், லாக் நட், லாக் வாஷர், வெளி பேரிங் எல்லாம் கழன்று, ஹப்பே வெளியே வந்தால்தான் டிஸ்க்கைப் பிரிக்க முடியும். திரும்ப மாட்டும்போது புது ஆயில் சீல், புது லாக் வாஷர், கழுவிக் கிரீஸ் திணித்த பேரிங் வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக முடிக்க முடியாது.

நிஜமாகவே மாற்றியிருந்தாலும் லாக் நட்டைப் பாருங்கள். அதற்கென்று பெரிய சாக்கெட் உண்டு (பல டொயோட்டாக்களில் 54 மி.மீ.). அது இல்லாத பட்டறையில் உளியும் சுத்தியலும்தான். நட்டின் மூலைகளில் உளி கடித்த தழும்பு பளிச்சென்று தெரியும். தெறித்த இரும்புத் துகள் பேரிங்குக்குள் போயிருக்கும். அதைவிட மோசம், உளியால் தட்டி முறுக்கினால் பேரிங்கின் இறுக்கத்தை அளக்கவே வழியில்லை. சரியான முறை: ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, மேனுவல் சொல்லும் அளவுக்குத் திரும்ப முறுக்கி, வீல் போல்ட்டில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பது. இறுக்கம் கூடினால் பேரிங் காய்ந்து எரியும். குறைந்தால் ஹப் ஆடி, டிஸ்க்கானது கேலிபரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அடுத்த மிதியில் பெடல் பள்ளத்தில் இறங்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினாலே இந்த ஆட்டம் கைக்குத் தெரியும்.

ஹப் முகத்துத் துருவைச் சுரண்டாமல் டிஸ்க்கை உட்கார வைப்பது இன்னொரு சோம்பல். துருச் செதில் ஒன்று இடையில் மாட்டினாலும் டிஸ்க் கோணலாகச் சுற்றும். மாட்டிய பின் டயல் கேஜ் (கோணலை அளக்கும் கருவி) வைத்தால், பல வண்டிகளுக்கு 0.05 மி.மீ. பக்கம்தான் அனுமதி. இதில் ஒரு சூட்சுமம்: முதல் நாள் ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கு மட்டும் கனம் குறைந்த பிறகே உதறல் வரும். அப்போது போய்க் கேட்டால் "நீங்க ஓட்டுற விதம் சார்" என்பார்கள்.

கேலிபரைக் கம்பியில் கட்டாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டார்களா, கேலிபர் நகரும் ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸுக்குப் பதில் பேரிங் கிரீஸைப் பூசினார்களா (ரப்பர் பூட் ஊதிப் பின் சிக்கிக்கொள்ளும்), புது டிஸ்க்கின் துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடைத்தார்களா என்று கேளுங்கள். வீல் நட்டைக் கடைசியில் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) குறுக்கும் நெடுக்குமாக முறுக்கச் சொல்லுங்கள். இம்பாக்ட் கன் வைத்து ஒரு பக்கமாக இறுக்கினாலும் டிஸ்க் கோணும்.

வண்டியை விடும்போதே, பழைய டிஸ்க் இரண்டும், பழைய சீல்களும் டிக்கியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன் பழைய டிஸ்க்கின் ஓரத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த வண்டியின் ஸ்போக் இடைவெளியில் டார்ச் அடித்தால், புள்ளி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று சாவி வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.