கிராமர்சி ஹோல்ட்ஃபாஸ்ட்: தச்சு மேசைக்கு முதலில் வாங்க வேண்டியது

தச்சு மேசை ஒன்றைச் செய்து முடித்தவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது, திருகி இறுக்கிப் பலகையைப் பிடிக்கும் வைஸைத்தான். கையால் இழைப்பதும் உளியால் வெட்டுவதுமே முக்கிய வேலை என்றால், அந்தப் பணத்தில் முதலில், பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் என்ற பிடிப்பான் ஒரு ஜோடி வாங்குவதே மேல் என்பது, நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வரும் கிராமர்சி பிராண்டு ஜோடியைப் பயன்படுத்திவரும் எனது கருத்து.

பார்வைக்கு இது வளைத்த எஃகுத் தண்டு மட்டுமே. திருகு கிடையாது, கைப்பிடி கிடையாது. தண்டை மேசையிலுள்ள முக்கால் அங்குலத் துளையில் இறக்கி, தட்டையான நுனியைப் பலகைமேல் வைத்து, வளைவின் உச்சியில் கொட்டாப்புளியால் ஓர் அடி கொடுத்தால், துளையைவிடச் சற்றே மெலிந்த தண்டு உள்ளே சாய்ந்து, மேல் விளிம்பில் ஒரு பக்கமும் கீழ் விளிம்பில் எதிர்ப்பக்கமுமாக இறுகிக்கொள்கிறது. பிடித்துவிட்டது என்பதை அடியின் ஓசை மாறுவதிலிருந்தே அறியலாம். விடுவிக்கத் தண்டின் பின்புறம் ஒரு தட்டு போதும். பிடியின் உயிர் எஃகு வளைந்து மீள்வதில் இருக்கிறது. மலிவான வார்ப்பிரும்பு வகைகளில் அந்தத் தன்மை குறைவு, ஓங்கி அடித்தால் முறிவதும் உண்டு.

ஆனால் பாதிப் பொறுப்பு மேசையுடையது. இரண்டரை, மூன்று அங்குலக் கனமுள்ள கெட்டி மரத்தில், செங்குத்தாகத் துளையிட்டிருந்தால், இது நன்றாகப் பிடிக்கும். 18 மி.மீ. பிளைவுட்டில் தண்டு சாய்ந்து நிற்க இடம் போதாது. துளைக்கு அடியில் வேறொரு மரத்துண்டை ஒட்டிக் கனம் கூட்ட வேண்டும். நான்கு அங்குலத்தைத் தாண்டும் மேசையில், மாறாக, துளையின் அடிப்பகுதியைச் சற்று அகலப்படுத்த வேண்டியிருக்கும். தண்டு வழுக்கினால் சொரசொரப்பான எமரித் தாளால் குறுக்குவாக்கில் தேய்த்தால் சரியாகிவிடும். நுனி தேக்கில்கூடத் தழும்பு பதிக்கும் என்பதால், இடையில் ஒரு கழிவுத்துண்டை வைப்பதோ, நுனியில் தோல் ஒட்டுவதோ அவசியம்.

அகலப் பலகையை இழைக்கும்போது பிடிப்பான் இழைப்புளியின் வழியில் நிற்குமே என்ற ஐயம் எழும். பலகையைவிட மெலிந்த ஒரு சட்டத்தின் முனையில் வி வடிவில் வெட்டி, அதைப் பலகையின் பின்மூலையில் முட்டவைத்து, ஹோல்ட்ஃபாஸ்ட்டை அந்தச் சட்டத்தின்மேல் இறுக்குவது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சர்களும் அறிந்த வழி. முன்னால் ஒரு தடுப்புக்கட்டை, பின்மூலையில் இந்தச் சட்டம். பலகையின்மேல் எதுவும் இல்லாததால் குறுக்காகவும் தாராளமாக இழைக்கலாம். (தரையில் அமர்ந்து காலாலேயே பலகையை அழுத்திப் பிடிக்கும் நம் ஆசாரிமார்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் சற்று வேடிக்கையாகத் தோன்றலாம்.)

நீளப் பலகையின் விளிம்பை இழைக்க மேசைக்காலிலும் துளையிட்டு இதையே பயன்படுத்தலாம். இரு பலகைகளை மூலையில் புறாவால் வடிவப் பற்களால் கோக்கும் புறாவால் இணைப்புக்காகப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி அறுக்கும்போது மட்டும் இது உதவாது. அந்த வேலை அடிக்கடி வருமானால் வைஸும் வாங்கத்தான் வேண்டும்.