வெளிநாட்டு போன் இறக்கி விற்பது: ஐந்து லட்சம் முதலுக்கு எந்த வழி?

துபாயின் தேரா கடைத்தெருவில் ஒரு போன் இங்கிருப்பதைவிட ஏழாயிரம் ரூபாய் மலிவு என்று கேள்விப்பட்டால் கணக்கு தானாக ஓடும். மாதம் ஐம்பது போன், மூன்றரை லட்சம். இதில் விட்டுப்போனது சுங்க வரி ஒன்றுதான் என்று புதிதாக இறங்குபவர்கள் நினைக்கிறார்கள். வரியைக் கட்டிவிடலாம். பணம் கட்டியும் சின்ன வியாபாரியின் கைக்கு எளிதில் வராத இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. சரக்கு நிற்பது அங்கேதான்.

குருவி

பயணிகளின் பெட்டியில் நாலு போன், ஐந்து போன் என்று வரவழைத்து பில் இல்லாமல் விற்பது பர்மா பஜார் காலத்துப் பழக்கம். பேக்கேஜ் சலுகை பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டும். சீல் பிரிக்காத ஒரே மாடல் ஐந்து பெட்டி இருந்தால் அதிகாரிக்கு வேறு சாட்சி தேவையில்லை. சுங்கச் சட்டம் 111-ஆம் பிரிவில் பறிமுதல், 112-இல் அபராதம். தப்பி வந்த சரக்கையும் இஎம்ஐயில் விற்க முடியாது, ஜிஎஸ்டி பில் போட முடியாது. இது சட்டவிரோதம். மலிவு என்று எல்லோரும் சொல்லும் விலை பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்து வருவதால்தான் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

சொந்த ஐஇசியில் கார்கோ

ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான குறியீட்டு எண், எடுப்பது சுலபம். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் 500 ரூபாய், பான், வங்கிக் கணக்கு. வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் அது செயலிழந்துவிடும். பலர் மறப்பது இதைத்தான்.

வரியைப் பார்ப்போம். 2024 ஜூலையில் செல்போனுக்கான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைந்தது. சரக்கு விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, காப்பீடு எல்லாம் சேர்ந்து ஒரு போன் 20,000 ரூபாய் என்றால் சுங்க வரி 3,000. அதன் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 300. ஆக 23,300. இதற்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் வரும் ஜிஎஸ்டி) 4,194. சுங்க வேலையை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜெண்ட் கூலி சேராமல் 27,494 ரூபாய். ஐஜிஎஸ்டியை விற்பனையின்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்கும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். ஏழாயிரம் வித்தியாசத்தில் 3,300 இங்கேயே கரைந்தது.

இவ்வளவும் கட்டத் தயார் என்றாலும் முதல் காகிதம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு. கட்டாயப் பதிவுத் திட்டத்தில் செல்போன் இருக்கிறது. பதிவு தயாரிக்கும் தொழிற்சாலையின் பெயரில், குறிப்பிட்ட பிராண்டுக்கும் மாடலுக்கும் தரப்படுவது. இறக்குமதி செய்யும் வியாபாரி அதை வாங்க முடியாது. பெட்டியிலோ போனிலோ ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இல்லாமல் சரக்கு வெளியே வராது. துபாய் சந்தைக்கென்று பேக் செய்த போனில் அது பெரும்பாலும் இருக்காது.

இரண்டாவது, ஐஎம்இஐ (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) சான்றிதழ். 2023 ஜனவரி 1 முதல், விற்பனைக்கென்று இறக்கும் ஒவ்வொரு போனின் ஐஎம்இஐயையும் இறக்குவதற்கு முன்பே தொலைத்தொடர்புத் துறையின் ஐசிடிஆர் தளத்தில் ஏற்றிச் சான்று வாங்க வேண்டும்.

'அசல் சரக்கைத்தானே கொண்டுவருகிறோம், பிராண்டுக்காரர் எப்படித் தடுப்பார்' என்று சிலர் கேட்பதுண்டு. டிரேட்மார்க் கோணத்தில் அது நியாயமான கேள்வி. 2012-இல் டில்லி உயர்நீதிமன்ற அமர்வு, சாம்சங் பிரிண்டர் வழக்கில், அசல் பொருளை வேறு நாட்டில் வாங்கி இங்கே விற்பது மட்டுமே டிரேட்மார்க் மீறல் ஆகாது என்றது. ஆனால் பிஐஎஸ் என்ற பூட்டு டிரேட்மார்க் சாவிக்குத் திறக்காது.

இதற்கு மேல் மாடல் சிக்கல். அமெரிக்க ஐபோன் 14 முதல் சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும். ஒரே சிம் நிறுவனத்துக்கென்று பூட்டிய போனில் நம் சிம் ஏறாது. வாரண்டி பல பிராண்டுகளில் விற்ற நாட்டோடு நின்றுவிடும். பழைய போனை மொத்தமாக இறக்கலாமே என்றால் அந்தக் கதவும் மூடியதுதான். 2016-இல் ஆப்பிள் நிறுவனமே பயன்படுத்திய ஐபோன்களை இறக்கி விற்க அனுமதி கேட்டு, அரசு மறுத்துவிட்டது.

சொந்த பிராண்டு

ஷென்ஜென் ஃபேக்டரியில் நம் பெயர் போட்டு பட்டன் போன் செய்து வாங்குவது. இங்கே இரண்டு காகிதமும் கிடைக்கும், ஆனால் செலவும் வேலையும் நம் தலையில். ஃபேக்டரிக்கு பிஐஎஸ் பதிவு, அதற்கு இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி, இங்குள்ள ஆய்வகத்தில் சாம்பிள் சோதனை, பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனிப் பதிவு, ரேடியோ அலைக் கருவிகளுக்கான டபிள்யூபிசி ஒப்புதல், மின்கழிவுப் பொறுப்புக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிவு. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். எல்லா இந்திய மொழிகளிலும் குறுஞ்செய்தி படிக்கத் தெரிய வேண்டும். ஃபேக்டரியின் பொது மென்பொருளில் இவை இரண்டும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும். ஆயிரம் பீஸுக்குக் குறைவாக ஃபேக்டரிகள் பேசுவது அரிது. ஒன்று 600 ரூபாய் என்று வைத்தாலே ஆறு லட்சம். நம் ஐந்து லட்சம் அங்கேயே பற்றாது.

போன் இங்கே, பாகம் அங்கே

என் ஓட்டு இதற்குத்தான். பழுதான, பழைய போனை உள்ளூரில் வாங்கி, டிஸ்ப்ளே, ஃப்ளெக்ஸ் (உள்ளே இணைக்கும் மெல்லிய வளையும் கேபிள்), பின்மூடி போன்ற பாகங்களை மட்டும் ஷென்ஜெனின் ஹுவாசியாங்பெய் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையிலிருந்து இறக்குவது. இப்படி வரும் பாகத்துக்கு ஐஎம்இஐ தொல்லை இல்லை. பேட்டரியை விட்டுவிடுங்கள். அதற்கு பிஐஎஸ் வேண்டும், தனியாக வரும் லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவும் மாட்டார்கள். சார்ஜர், பவர் பேங்க், வயர்லெஸ் இயர்போனுக்கும் பிஐஎஸ் உண்டு.

சறுக்கும் இடங்கள் இவை. 'கிலோவுக்கு இவ்வளவு, வீட்டு வாசலில் தருகிறோம்' என்னும் ஏஜெண்டுகள் பெரும்பாலும் வேறொருவர் ஐஇசியில் சரக்கை இறக்குவார்கள். பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணம்) உங்கள் பெயரில் இல்லையென்றால் ஐஜிஎஸ்டி கழிவு கிடைக்காது, சரக்கு உங்களுடையது என்று நிரூபிக்கவும் முடியாது. பிராண்டு லோகோ அச்சிட்ட பின்மூடியை நிறுவனத்தின் டிரேட்மார்க் பதிவைக் காட்டிச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார்கள். டிஸ்ப்ளே ஃப்ரேமோடு வருகிறதா, இல்லாமல் வருகிறதா என்பதே வரியை மாற்றும் விஷயமாகி, 2022-இல் சுங்க வாரியம் தனிச் சுற்றறிக்கை போட வேண்டியிருந்தது. செல்போன் தயாரிப்பாளர்களுக்கான சலுகை விகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். எச்எஸ் எண்ணையும் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) வரியையும் சரக்கு ஏறும் முன்பே கிளியரிங் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாள் தினமும் 5,000, பிறகு 10,000 ரூபாய்.

டிஸ்ப்ளேயில் தரம் பார்த்து வாங்கத் தெரிந்தால்தான் லாபம். ஓஎல்ஈடி திரையோடு வந்த போனுக்கு, வேறு வகைத் திரையான இன்செல் எல்சிடி காம்போ (திரையும் தொடுபரப்பும் சேர்ந்த செட்) போட்டால் விலை குறைவு. கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், திரைக்கடியில் இருக்கும் ஆப்டிகல் கைரேகை வேலை செய்யாது. ஹார்டு ஓஎல்ஈடி கண்ணாடித் தளத்தில் செய்தது, ஒரு ஓரம் அழுந்தினாலே பச்சைக் கோடு. வளையும் தளத்தில் செய்த சாஃப்ட் ஓஎல்ஈடி விலை கூடினாலும் திரும்பி வருவது குறைவு.

போன் வாங்கும் பக்கம், *#06# அடித்து ஐஎம்இஐ எடுத்து, 'கேஒய்எம்' என்று ஆங்கில எழுத்தில் போட்டு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு அனுப்பினால் முடக்கப்பட்டதா என்று தெரியும். விற்பவரின் அடையாள நகலும் கையெழுத்தும் இல்லாமல் எடுக்காதீர்கள். திருட்டு போன் சிக்கினால், திருட்டுப் பொருள் வாங்குவதற்கான பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 317-ஆம் பிரிவு உங்கள் மீதும் வரும். ஐபோனில் ஐகிளவுட் வெளியேறியதைக் கண்ணெதிரே பார்க்க வேண்டும். அமைப்புகளில் பாகங்கள் பற்றிய பகுதியில் 'அறியப்படாத பாகம்' என்று வந்தால் விலையைக் குறையுங்கள்.

வரி இங்கே சாதகம். பழைய பொருளுக்கு ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி, வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காதவரை, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 12,000-க்கு வாங்கி 15,500-க்கு விற்றால் 3,500-க்கு 18 சதவீதம், 630 ரூபாய். டிஸ்ப்ளேக்கு ஆன 1,600-ஐ அந்த வித்தியாசத்தில் கழிக்க முடியாது. கையில் நிற்பது 1,270. புதியவர்கள் கணக்கு தப்புவது இந்த இடத்தில்தான்.

முதல் ஆர்டர் மூன்று மாடல், மாடலுக்குப் பத்து டிஸ்ப்ளே போதும். வந்ததும் பாதுகாப்புப் படலத்தை உரிக்காமல், போனில் ஒட்டாமல், ஃப்ளெக்ஸை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். சாம்சங்கில் *#0*# அடித்தால் நிறச் சோதனையும் தொடுதிரைச் சோதனையும் வரும். படலம் உரித்ததை எந்தச் சப்ளையரும் திரும்ப எடுப்பதில்லை.