வயர்மேன் ஆக எஸ்.எல்.டி.என். போதுமா?

எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிள்ளையை மின்வேலைக்கு அனுப்ப நினைக்கும் கோலாலம்பூர் பெற்றோர் அதிகம் விசாரிப்பது எஸ்.எல்.டி.என். எனும் இரட்டைப் பயிற்சி முறையைத்தான். எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. திட்டம் நல்ல திட்டம். அரைகுறை முதலாளியிடம் மாட்டினால் அதுவே ஒன்றுக்கு இறங்கிவிடும்.

ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி 2005-இல் தொடங்கியது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு கம்பெனியில், மீதி பயிற்சி நிலையத்தில். முடித்தால் மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை (ஜே.பி.கே.) தரும் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். இவ்வளவு நேரம் கம்பெனியில் கழிவதால், எந்தக் கம்பெனி என்பதுதான் முதல் கேள்வி.

தொடக்கத்தில் சுவர் கொத்துவது, 20 மி.மீ. பி.வி.சி. குழாய் பதிப்பது, வயர் இழுப்பது என்றுதான் போகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே ஸ்பிரிங் விடாமல் குழாயை வளைத்தால் அது நசுங்கி, பிறகு வயர் போகாது. பூசிய சுவரை மறுபடி உடைக்க வேண்டும். இதெல்லாம் கை பழகினால்தான் வரும். ஆறாவது மாதத்திலும் பையன் கையில் சுத்தியல் மட்டும் இருந்தால் அது பயிற்சி இல்லை, மலிவான கூலி.

அதற்குள் அவன், மின்சாரத்தைச் சர்க்கியூட்டுகளுக்குப் பிரிக்கும் டி.பி. பெட்டியைத் தொட்டிருக்க வேண்டும், சோதனை செய்யவும் கற்றிருக்க வேண்டும். வயரின் காப்பை அளக்கும் மெகர் கருவியை 500 வோல்ட்டில் வைத்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும் என்று பலருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் எல்.இ.டி. விளக்கையும் டிம்மரையும் கழற்ற வேண்டும் என்பதைத்தான் மறக்கிறார்கள். கழற்றாவிட்டால் அளவு பொய்யாக இறங்கும், சாமானும் கெடலாம்.

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதா? ஒரு ஆர்.சி.சி.பி.யின் லைனை இன்னொன்றின் நியூட்ரலோடு சேர்த்திருந்தால் போன மின்னோட்டம் அதே வழியில் திரும்பாது. கசிவு என்று நினைத்து அது விழும். நம் ஊர் மத்தியான இடிக்கும் விழுவதுண்டு, அது வேறு கதை. ஒவ்வொரு சர்க்கியூட்டாகப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தருபவர் குரு. புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுக் காசு வாங்குபவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

வீட்டு வயரிங் மட்டும் செய்யும் கடையில் மூன்று ஃபேஸ் வேலை வராது. பெரிய மோட்டாரை மெல்லக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் பிரித்துக் கோக்காதவனுக்கு, அதிலுள்ள ஸ்டார், டெல்டா காண்டாக்டர்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் ஷார்ட் ஆகும் என்பதும், அதைத் தடுக்கத்தான் இண்டர்லாக் என்பதும் ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும். பம்பு, லிப்ட், தொழிற்சாலை வேலை எடுக்கும் கம்பெனியாகத் தேடுங்கள்.

ஒன்றரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் வேறு. எஸ்.கே.எம். வந்ததும் வயர்மேன் ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வயர்மேன் தகுதிச் சான்றிதழ் தருவது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம்: ஒற்றை ஃபேஸுக்கு பி.டபள்யூ.2, மூன்று ஃபேஸுக்கு பி.டபள்யூ.4. வேலை முடிந்ததற்கான போராங் ஜி, சோதனைக்கான போராங் எச் ஆகிய இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட அந்தத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவன் எத்தனை வருடம் வேலை செய்தாலும் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருப்பான். பயிற்சி நிலையத்துக்கு அந்த ஆணையத்தின் அங்கீகாரம் உண்டா என்று பதியும் நாளிலேயே கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மாத அலவன்ஸ் எவ்வளவு, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவைக் கட்டுவது யார், கட்டுமானத் தளத்தில் வேலை செய்யத் தேவையான சி.ஐ.டி.பி. அட்டைக்கும் கருவிகளுக்கும் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். செய்த வேலைகளை எழுதும் பயிற்சிப் பதிவேட்டை மாதாமாதம் நிரப்பச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் ஒரே பேனாவால் மொத்தமாக நிரப்பிய பதிவேடு, பார்த்த உடனே தெரிந்துவிடும்.